பார்த்திருந்தவன் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதவியல்)

எங்கள் ஊரிலிருந்து நம் கல்லூரிக்கு 18 கிலோமீட்டர். காலை 7.40க்கு ஒரு டவுன் பஸ் உண்டு. அதை விட்டால் அடுத்தது 9.10க்குத்தான், முதல் வகுப்பு போய்விடும். ஆகவே பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவ மாணவியர், மில் வேலைக்குப் போகும் பெண்கள், பூக்காரம்மா, கீரைக் கட்டு, வாழை இலைக் கட்டு எல்லாம் அந்த ஒரே பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். "பையன் காலேஜுல கணக்குப் படிக்கிறான்" என்று அவர் மேஸ்திரியிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படிக்கிறவன் என்ற பெருமையோடு அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒருவன் செய்யத் தவறிய காரியத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை. என் அறிவுக்கு எட்டிய வரையில் எழுதுகிறேன். பிழையிருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம். விடாத தூறல். பஸ்ஸில் ஜன்னல்களெல்லாம் இறக்கிவிடப்பட்டு உள்ளே ஒரே புழுக்கம். நான் ஏறுவது முதல் நிறுத்தமாகையால் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். அன்று வகுப்புத் தேர்வு. நுண்கணிதப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தேன். எனக்கு இரண்டு முழம் முன்னால் ஒரு மாணவி நின்றிருந்தார். கழுத்தில் நம் கல்லூரி அடையாள அட்டையின் பட்டை. எந்தத் துறை என்று தெரியாது. அவருக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டைப் பையில் பேனா, கையில் டிபன் பை. பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

முதலில் அந்த மாணவி தோளில் இருந்த பையைக் கழற்றிப் பின்பக்கம் தொங்கவிட்டார். சற்று நேரத்தில் இரண்டு அடி முன்னே நகர்ந்தார். அந்த மனிதரும் நகர்ந்தார். முன்னால் இடம் இருந்தும் அவர் அந்த மாணவியை ஒட்டித்தான் நின்றார். மாணவி ஒருமுறை கழுத்தைத் திருப்பினார். அப்போது அவர் கண் என் கண்ணில் பட்டது. ஒரு நொடி இருக்கும். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இருந்த கணக்கு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதை அன்று நான் போடவில்லை.

கல்லூரிக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருக்கும்போது, ரைஸ் மில் நிறுத்தத்தில் அவர் இறங்கிவிட்டார். அங்கே கல்லூரிக்காரர் யாரும் இறங்குவதில்லை. கையில் குடை இல்லை. பஸ்ஸில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம்.

அந்தச் சில நிமிடங்களில் என் மனத்தில் ஓடியவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். ஒருவேளை கூட்ட நெரிசலாக இருக்கலாம், நாம்தான் தப்பாக நினைக்கிறோமோ என்று ஒரு நினைப்பு. கண்டக்டர் இருக்கிறார், பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று இன்னொன்று. அந்தப் பெண்ணே ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒன்று. இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்த பயம், "அவ உனக்கு யாருப்பா?" என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்பது. நம் பக்கத்துப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். அது கேட்பவனையும் குத்தும், அந்தப் பெண்ணின் பெயரையும் கெடுக்கும்.

அன்று இரவு இதை என் தங்கையிடம் சொன்னேன். அவள் பதினொன்றாம் வகுப்பு. அதே தடத்தில் உள்ள பெண்கள் பள்ளிக்குப் போகிறாள். "அந்தக்கா ஒரு வார்த்தை சத்தம் போட்டிருந்தா நான் எழுந்திருப்பேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"கத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமாண்ணா?"

"என்ன ஆகும்?"

"பஸ்ல எல்லாரும் அவனைப் பார்க்க மாட்டாங்க, என்னைத்தான் பார்ப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சிடும். அடுத்த வாரம் அப்பா, படிச்சது போதும்னு சொல்லிடுவாரு."

"என்னை" என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். கேட்கவில்லை. அவளாகவே பைக்குள் கைவிட்டு ஒரு பெரிய ஊக்கை எடுத்துக் காட்டினாள். தாவணியும் இல்லை, புடவையும் இல்லை, சுடிதார் போடுகிறவளுக்கு அவ்வளவு பெரிய ஊக்கு எதற்கு? "அம்மாதான் ஏழாம் வகுப்புல குடுத்துச்சு. அம்மாவுக்கு ஆயா குடுத்துச்சாம்" என்றாள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு பொருள் எனக்கு இருபது வயதில்தான் தெரிய வந்தது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

இதைத்தான் நாம் 'கேலி' என்கிறோம், 'சீண்டல்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஈவ் டீசிங்' என்று ஒரு விளையாட்டுப் பெயர். சொல் சிறிதாக இருந்தால் செயலும் சிறிதாகத் தோன்றும். 1998ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் 'கேலி'யில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அதன் பிறகே தமிழ்நாட்டில் இதற்கென ஓர் அவசரச் சட்டமும், தொடர்ந்து சட்டமும் வந்தன. அந்தச் சட்டத்தின் முதல் பெயரிலும் 'ஈவ் டீசிங்' என்ற சொல்லே இருந்தது. பின்னரே அது பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று மாற்றப்பட்டது. பெயர் மாற்றம்தானே என்று தோன்றும். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அச்சட்டம் குற்றத்தை விளக்கும்போது அடி, காயம் மட்டும் பேசவில்லை. ஒரு பெண்ணுக்கு அச்சமோ, வெட்கமோ, கூச்சமோ உண்டாக்கும் அநாகரிகமான நடத்தையே போதும் என்கிறது. 2025 ஜனவரியில் நம் சட்டமன்றம் இதற்கான தண்டனையைப் பெரிதும் கூட்டித் திருத்தம் செய்தது.

தொடுவது மட்டுமல்ல. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, "ஓசி டிக்கெட்டுக்கு உட்கார இடம் வேறயா?" என்று உரக்கச் சொல்லிச் சிரிப்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். உற்றுப் பார்ப்பது, பாட்டுப் பாடுவது, இறங்கினால் பின்னாலேயே இறங்குவது, கைபேசியைச் சாய்த்துப் படம் எடுப்பது எல்லாம் இதில் அடக்கம். பின்தொடர்தல் தனிக் குற்றமாகவே 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவு. பாலியல் துன்புறுத்தல் 75ஆம் பிரிவு.

சரி, நெரிசல் எது, துன்புறுத்தல் எது என்று எப்படிக் கண்டுகொள்வது? இந்தச் சந்தேகத்தின் பின்னால்தான் நான் அன்று ஒளிந்துகொண்டேன். ஆனால் துணைப்பாடமாக இயற்பியல் படிப்பவன் இப்படி ஒளிய முடியாது. பிரேக் போட்டால் நிலைமத்தின் காரணமாக எல்லோரும் சேர்ந்து முன்னே சாய்வோம். வண்டி வலப்பக்கம் திரும்பினால் எல்லோரும் இடப்பக்கம் சாய்வோம். நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போகும் பஸ்ஸில் ஒருவர் மட்டும் சாய்ந்தால் அதற்கு நியூட்டன் பொறுப்பல்ல. தள்ளுப்பட்டு மேலே விழுந்தவர் உடனே விலகுவார், "சாரிம்மா" என்பார். இடம் இருந்தும் விலகாதவர், நகர்ந்தால் கூடவே நகர்பவர், அவரைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அதைவிட நல்ல அடையாளம் அந்தப் பெண்ணிடமே இருக்கிறது. பையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றுவது. முழங்கையை விறைப்பாக வெளியே நீட்டிக்கொள்வது. உட்கார்ந்திருந்தவர் காலியான இடத்தை விட்டு எழுந்து நிற்பது. கைபேசியில் யாருமில்லாமலே பேசுவது போல் பேசுவது. தோழியின் கையை இறுகப் பிடிப்பது. தன் நிறுத்தத்துக்கு முன்பே இறங்குவது. இவற்றை என் தங்கைதான் வரிசையாகச் சொன்னாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்தபோது, கார்த்திகை மாதத்து மாணவி இவற்றில் மூன்றை என் கண்ணெதிரே செய்திருந்தார் என்பது தெரிந்தது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு ஆசை.

1968ஆம் ஆண்டு ஜான் டார்லி, பிப் லாட்டனே என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி ஒலிபெருக்கி வழியே பேசவிட்டார்கள். நடுவில் ஒரு குரலுக்கு வலிப்பு வந்துவிடுகிறது. அது முன்னமே பதிவு செய்த குரல். அது அந்த மாணவர்களுக்குத் தெரியாது. இதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் வலிப்பு ஓயுமுன்னே எழுந்து உதவி தேடிப் போனார்கள். தன்னோடு இன்னொருவரும் கேட்கிறார் என்று நம்பியவர்களில் 62 விழுக்காடு. வேறு நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காடுதான்.

நம் நிகழ்தகவு வகுப்பில் 'யாராவது ஒருவராவது' என்று வரும் கணக்கு நினைவிருக்கும். யாருமே செய்யாமலிருக்கும் நிகழ்தகவைக் கண்டு, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் உதவி கிடைக்கும் வாய்ப்பு 0.85. இருவர் இருந்தால், இருவருமே சும்மா இருப்பது 0.38 x 0.38, அதாவது 0.144; ஆகவே உதவி கிடைக்கும் வாய்ப்பு 0.856. ஐவர் இருந்தால், ஐவருமே சும்மா இருப்பது 0.69இன் ஐந்தாம் அடுக்கு, 0.156, உதவி கிடைக்கும் வாய்ப்பு 0.844.

இதைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் திரும்பவும் போட்டேன். விடை சரிதான். ஒருவர் இருந்தாலும் 85, ஐவர் இருந்தாலும் 84. துன்பப்படுகிறவருக்கு நான்கு பேர் கூடுதலாக வந்ததால் ஒரு பயனும் இல்லை. நான்கு பேரும் சேர்ந்து தங்கள் பொறுப்பைப் பங்கு போட்டுக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த ஐவரும், தனியாக இருந்தால் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படியே நடந்துகொண்டால்? யாருமே செய்யாமலிருப்பது 0.15இன் ஐந்தாம் அடுக்கு. ஏறத்தாழ 13,000 முறைக்கு ஒருமுறைதான் அவர் கைவிடப்படுவார். எங்கள் பஸ்ஸில் ஐம்பது பேர். அந்த அடுக்கை நான் போடவில்லை. வெட்கமாக இருந்தது.

இக்கணக்கில் ஒரு குறை உண்டு என்பதைப் புள்ளியியல் படித்தவர்கள் உடனே சொல்வார்கள். ஒவ்வொருவரும் சார்பின்றி முடிவெடுப்பதாக இது கொள்கிறது. அறைக்குள் அடைபட்டவர்களுக்கு அது பொருந்தும். பஸ்ஸில் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். எல்லோர் முகமும் கல்லாக இருப்பதைக் கண்டு, ஒன்றும் நடக்கவில்லை போலும் என்று ஐம்பது பேரும் முடிவு செய்கிறோம். அந்த ஐம்பது கல்முகங்களில் ஒன்று என்னுடையது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு: ஒருவர் அசைந்தால் மற்றவர்களும் அசைவார்கள்.

டார்லியும் லாட்டனேயும் இச்சோதனையைச் செய்யக் காரணமாக இருந்தது 1964 மார்ச் 13இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலை. 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவரும் போலீசை அழைக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. உண்மையில் அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது. அந்தப் பத்திரிகையே 2016இல் இதை ஒப்புக்கொண்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், லங்காஸ்டர் ஆகிய ஊர்களின் தெருக்களில் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 சண்டை சச்சரவுகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் பார்த்திருந்தவர்களில் ஒருவராவது குறுக்கே வந்திருக்கிறார். ஆள் கூடக் கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. ஆகவே மனிதர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் தெருச்சண்டை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பஸ் நெரிசலில் ஒரு கை செய்வது சத்தமில்லாமல் நடக்கிறது. அங்கே முதலில் வேண்டியது வீரம் அல்ல, கவனம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2016 ஜூன் 24 அன்று காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், பயணிகள் இருக்கும்போதே ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். உடல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது. அரிவாளுக்கு முன்னால் போய் நிற்கவில்லையே என்று யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டிபன் பை வைத்திருந்தவருக்கே பயந்தவன் நான். ஆயுதம் இருக்குமிடத்தில் தூர நின்று 112க்கோ 100க்கோ அழைப்பதே செய்யக்கூடியது, செய்ய வேண்டியதும் அதுதான்.

ஆனால் நாள்தோறும் நடப்பது அரிவாள் இல்லை. அதற்கு என்ன செய்வது? வெளிநாடுகளில் இதற்கு ஐந்து வழிகள் வகுத்துப் பயிற்சி தருகிறார்கள் என்று படித்தேன். கவனத்தைத் திருப்புதல், வேறொருவரைத் துணைக்கு அழைத்தல், பதிவு செய்தல், பிறகு போய் ஆறுதலாக விசாரித்தல், நேராகத் தட்டிக் கேட்டல். நல்ல பாடம்தான். ஆனால் நான் அதைப் படிப்பதற்கு முன்பே எங்கள் பஸ் பூக்காரம்மா அதில் தேர்ச்சி பெற்றிருந்தார்.

பொங்கல் கழித்து ஒரு நாள். பள்ளிச் சீருடையில் நின்ற ஒரு பெண்ணின் பின்னால் ஒருவன். பூக்காரம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஏ கண்ணு, உன்னைத்தான், இந்தக் கூடைய ஒரு கை பிடி, இடுப்பு நோவுது" என்றார். அந்தப் பெண் திரும்பியதும், "அட, நிக்கிறியே, இங்க வந்து குந்து" என்று தன் இடத்தில் உட்கார வைத்து, கூடையை அவள் மடியில் வைத்துவிட்டுத் தான் எழுந்து அவனுக்கு முன்னால் நின்றுகொண்டார். அடுத்த வளைவில் அவன் "ஆ" என்றான். "தெரியாம மிதிச்சிட்டேன் சாமி, கூட்டம் பாரு" என்றார் பூக்காரம்மா. முழு நடவடிக்கையும் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. யாருடைய பெயரும் கெடவில்லை, அந்தப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இறங்கும்போது பூக்காரம்மா ஒரு துண்டுக் கனகாம்பரம் கிள்ளிக் கொடுத்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பஸ்ஸின் பெயர்ப்பலகையை என்னிடம்தான் கேட்பார்.

அன்றிலிருந்து நான் அவரிடம் பாடம் கேட்க ஆரம்பித்தேன் என்றே சொல்லலாம். ஆண்பிள்ளைக்கு ஒரு சங்கடம் உண்டு: நாம் ஒரு பெண்ணிடம் போய்ப் பேசினால், அவளுக்கு நாமும் இன்னொரு தொல்லையாகத் தோன்றலாம். ஆகவே பெண்ணிடம் பேசுவதைவிட அந்த ஆளிடம் பேசுவது நல்லது. "அண்ணே, மார்க்கெட் ஸ்டாப் போயிடுச்சா?" "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பை வைக்கணும்." இவ்வளவு போதும். தன்னை ஒருவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்தாலே பாதிப் பேர் விலகிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பெரியம்மா இருந்தால் அவரிடம் மெல்லச் சொல்லி அந்தப் பெண்ணை அழைக்கச் சொல்லலாம். உட்கார்ந்திருந்தால் எழுந்து இடத்தைக் கொடுத்து, நாம் நடுவில் நிற்கலாம்.

கைபேசியில் படம் எடுப்பதைப் பற்றி நம் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உதவிக்கு வேறு ஆள் இருந்தால், அந்த ஆளின் கையையும் முகத்தையும் எடுக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தை வேண்டாம். எடுத்ததை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் பரப்பினால், பஸ்ஸில் ஐம்பது பேர் பார்த்ததை ஐயாயிரம் பேருக்குக் காட்டியவர்கள் ஆவோம். என் தங்கை பயந்தாளே "ஊருக்குத் தெரிஞ்சிடும்" என்று, அதை நாமே செய்து முடித்தது போல்.

"நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?" என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். நானும் அதை நியாயமான கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தங்கை இல்லாதவனுக்கு இதில் கடமை இல்லையா? அண்ணன் இல்லாத பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லையா? "அவ உனக்கு யாரு?" என்ற கேள்விக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். பஸ்ஸில் டிக்கெட் எடுத்து நிற்கும் ஒருவர் என்பது போதாதா?

சட்டம் நமக்குப் பின்னால் இருக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓடும் பஸ்ஸில் துன்புறுத்தப்பட்ட பெண் புகார் செய்தால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள், முறைத்துப் பார்த்தல், கண்ணடித்தல், விசிலடித்தல் வரை எல்லாவற்றையும் தடை செய்து, அப்படிச் செய்பவரை இறக்கிவிடவோ போலீசில் ஒப்படைக்கவோ நடத்துநருக்கு அதிகாரம் தருகின்றன. 1999 ஜூலையில் தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்ட காவலர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாட்சிகள் பிறழ்ந்ததால் குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். ஆனால் துறை அவரைப் பணியிலிருந்து நீக்கியது செல்லும் என்று 2012 நவம்பர் 30இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பில் நீதிபதிகள் நாடு முழுவதற்கும் சில நெறிகளை வகுத்தார்கள். அவற்றில் ஒன்று, இப்படிப்பட்ட நிகழ்ச்சியைக் காணும் வழிப்போக்கர்களும் காவல் நிலையத்துக்கோ மகளிர் உதவி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது. அந்த வரி என்னைப் போன்றவனுக்காகவே எழுதப்பட்டது. பெண்களுக்கான உதவி எண்கள் 181, 1091. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1098.

ஆனால் ஒன்று. கண்டக்டரிடம் போவதற்கு முன் அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும். "நான் பார்த்தேன். கண்டக்டர்கிட்ட சொல்லட்டுமா?" வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். புகாரின் சுமையை வீடுவரை தூக்கிச் செல்பவர் அவர். வேண்டாம் என்றாலும், நான் பார்த்தேன், தப்பு உங்கள் மேல் இல்லை, எப்போது சாட்சி கேட்டாலும் வருவேன் என்று சொல்வது வீண் போகாது. என் தங்கை இதைத்தான் அழுத்திச் சொன்னாள். "யாரோ ஒருத்தர் பார்த்தாங்கன்னு தெரிஞ்சாலே போதும்ணா. இல்லைன்னா நாமதான் ஏதோ தப்பா நினைக்கிறோமோன்னு ராத்திரி பூரா தோணும்."

நானும் ஒருமுறை முயன்றேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இந்த ஆண்டு ஆடி மாதம், மாலை பஸ். சீருடையில் ஒரு சிறு பெண், பின்னால் ஒருவன். பூக்காரம்மா பாணியில், "அண்ணே, கொஞ்சம் இப்படி நகருங்க" என்று சொல்லி நடுவில் போய் நின்றேன். குரல் கம்மிவிட்டது. அவன் திரும்பி, "என்னடா, பெரிய ஹீரோவா நீ?" என்றான். என் கால் நடுங்கியது உண்மை. அதற்குள் பின்னால் இருந்த ஒரு தாத்தா, "அந்தத் தம்பி சரியாத்தான் சொல்லுது, தள்ளி நில்லுய்யா" என்றார். மூன்றாவதாக ஒரு குரல், பிறகு கண்டக்டர் விசில். மேலே நான் எழுதிய 'ஒருவர் அசைந்தால்' என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான். மறுநாள் மாலை அவன் அதே பஸ்ஸில் முன்படியில் நின்றிருந்தான். என்னை முறைத்தான். அதிலிருந்து எங்கள் வகுப்புத் தோழர் இருவர் என்னோடு அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். எங்கள் தடத்தில் எந்த நிறுத்தத்துக்கு எந்தக் காவல் நிலையம் கிட்டத்தில் இருக்கிறது என்பதையும் விசாரித்து எழுதி வைத்திருக்கிறோம். இரண்டே நிலையங்கள்தான். பத்து கிலோமீட்டருக்கு நடுவில் ஒன்றுமே இல்லை.

கார்த்திகை மாதம் ரைஸ் மில் நிறுத்தத்தில் இறங்கிய அந்த மாணவியை அதன் பிறகு நான் 7.40 பஸ்ஸில் பார்க்கவில்லை. வேறு பஸ்ஸுக்கு மாறினாரா, விடுதியில் சேர்ந்தாரா, வீட்டில் நிறுத்திவிட்டார்களா, தெரியாது. கல்லூரி வளாகத்தில் தேடிப் போய்க் கேட்பது முறையாகாது என்று விட்டுவிட்டேன். இந்த மலர் அவர் கைக்குப் போனால், அவருக்கு ஒன்று தெரிவிக்க வேண்டும். அன்று மூன்றாவது வரிசையில், மடியில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான். நான் பார்த்தேன்.